வெயிலில் காற்றைக் குறைப்பவர்கள்

1

நாகர்கோவிலில் ஒரு பத்திரிகையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் இன்னும் அங்கேயே செய்திப் பிரிவில் இருக்கிறார். கோடை தொடங்கும் முன் வாகனக்காரர்களுக்காக ஒரு பக்கம் போடுவது அவர்கள் வழக்கம். போன வாரம் கூப்பிட்டார்.

"மக்கா, வெயிலுக்கு டயர் வெடிக்காம இருக்க என்ன செய்யணும்னு எழுதித் தா. நீ அங்க டிரெய்லர் எல்லாம் இழுத்துட்டுத் திரியியாமே."

'டயர் வெடித்து' என்ற இரண்டு சொற்களை அந்த அலுவலகத்தில் நான் எத்தனை முறை கடந்திருப்பேன் என்று தெரியாது. களியக்காவிளை சாலையில் ஒரு லாரி, டயர் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்து, எதிரே இருந்த எதன் மீதாவது மோதும். நிருபர் 'திடீரென' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புவார். அதை அடித்து நீக்குவது துணை ஆசிரியரான என் வேலை. டயர் ஏன் வெடித்தது என்று நிருபரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மழை ஏன் பெய்தது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. எங்களுக்குச் செய்தி வெடித்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

காரணம் இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு குடும்பப் பயணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பரின் பக்கத்தில் அதற்கு இடமிருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது அடிலெய்டில். மனைவி ஹெப்சி மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். நான் ஒரு கிடங்கில் சரக்கு பிரித்து அடுக்குகிறேன். பத்திரிகை வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இல்லை என்பதை இங்குள்ளவர்கள் மரியாதையாகவே தெரிவித்தார்கள்.

ஒரே மகள் நிஷா. பார்மசி படித்துவிட்டு, வேலை கிடைத்த மில்டுராவுக்குப் போய்விட்டாள். கிழக்கே, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். வேகமாக வண்டி ஓட்டுவாள். முகவரி மாற்றாததால் அபராத நோட்டீசுகள் எங்கள் வீட்டுக்கே வந்தன. அவள் நலமாக இருக்கிறாள் என்பதை நாங்கள் அப்படித்தான் அறிந்தோம். பிறகு அந்த ஊரில் பாதாம் தோட்டத்தில் வேலை பார்க்கும் லூக் என்பவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். முடிந்த பிறகு போனில் சொன்னாள்.

ஹெப்சி அழவில்லை. "சபையில ஓலை வாசிக்கல்ல. சொந்தம் ஒண்ணும் கூடல்ல. அவ அடுக்களைய நான் காணமாட்டேன்" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்காக இதை விளக்க வேண்டும். ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் சபையில் வாசிக்கும் அறிவிப்பு. குழித்துறைப் பக்கம், கல்யாணம் முடிந்த சில நாளில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சாமான்களோடு போவார்கள். அடுக்களை காணல் என்று அதற்குப் பெயர். மகள் இனிமேல் சமைக்கப்போகும் அடுக்களையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வது. உண்மையில் பார்ப்பது மாப்பிள்ளையின் அக்கம்பக்கம், டெம்போவிலிருந்து என்னென்ன இறங்குகிறது என்று. எங்கள் கல்யாணத்துக்கு ஹெப்சி வீட்டிலிருந்து கட்டில், அலமாரி, குட்டுவம் என்னும் பெரிய அண்டா, பலகாரப் பெட்டிகள் எல்லாம் ஏற்றிவந்த டெம்போ, எங்கள் தெரு ஏற்றத்தில் பாரம் தாங்காமல் நின்றுவிட்டது. மாமனார் வீட்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. வண்டி ஏறாத அளவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று இன்றைக்கும் பெருமையாகத்தான் பேசுகிறார்கள்.

ஆகவே, மகளின் அடுக்களையைக் காணமாட்டேன் என்று எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி சொன்னால், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஏறக்குறைய ஒரு வருடம் ஹெப்சி அவளோடு பேசவில்லை. "அம்மாவுக்கு முட்டுவலி எப்படி?" என்று நிஷா என்னிடம் கேட்பாள். "அந்தத் தைலம் தேய்ச்சாளான்னு கேளுங்க." நான் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டு, பதிலைச் சுருக்கி அனுப்புவேன். பழகிய வேலைதான்.

3

ஹெப்சியின் அண்ணன் தங்கராஜ் வந்ததும் நிலைமை மாறியது. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். குழித்துறையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். சுற்றுலா விசாவில் வந்தார். பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு நடுவே, கோட்டாற்றில் வாங்கிய வெண்கல உருளி ஒன்று இருந்தது.

"இது ஆருக்கு அண்ணே?" என்றாள் ஹெப்சி.

"நிஷாவுக்கு. தாய்மாமன் கடல் தாண்டி வந்திட்டு, அடுக்களை காணாம திரும்பிப் போனா நாளைக்கு ஊர்ல எவன் மூஞ்சியில முழிப்பேன்? நீ வரேண்டாம். நானும் மாப்ளயும் போயிட்டு வாறோம்."

"உருளிய மட்டும் கொண்டு போனா பிச்சைக்குப் போன மாதிரி இருக்கும்" என்றாள் ஹெப்சி. அன்றிலிருந்து வீட்டில் சாமான் சேர ஆரம்பித்தது. தானும் வருவதாக அவள் எப்போது முடிவு செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அலமாரியின் விலையைப் பேசிக் குறைக்க அவளே போன அன்று நான் அனுமானித்துக்கொண்டேன்.

நிஷாவிடம் சொன்னேன். "அம்மாவுமா?" என்றாள். பிறகு, "ஒண்ணும் கொண்டு வராதீங்கப்பா. எல்லாம் இருக்கு" என்றாள். இதை ஹெப்சியிடம் நான் சேர்ப்பிக்கவில்லை. பிரசுரத்துக்கு ஏற்றதல்ல என்று பட்டது.

எங்களிடம் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய டிரெய்லர் ஒன்று உண்டு. ஒற்றை அச்சு, இரண்டே சக்கரம், பிரேக் கிடையாது. இந்த நாட்டில் டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். பதிவு செய்யும் இடத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்கு அப்படி ஒன்று கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு, அது அப்பா பெயர் என்று விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா பெயரையே பதிந்தார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத என் அப்பா ஞானமுத்துவின் பெயரில், அவர் இறந்து பல வருடங்களுக்குப் பின், ஆஸ்திரேலியாவில் ஒரு டிரெய்லர் ஓடுகிறது. வருடாவருடம் திரு. ஞானமுத்து அவர்களுக்குக் கடிதம் வரும்.

டிரெய்லரின் முன்பக்கத் தகட்டில் அதிகபட்ச எடை எழுதியிருக்கிறது. டிரெய்லரின் சொந்த எடையும் சேர்த்து எழுநூற்றைம்பது கிலோ. அலமாரி, மேசை, கிரைண்டர், தையல் மெஷின், பாத்திரப் பெட்டிகள், அரிசி என்று கூட்டிப் பார்த்து, இதற்குமேல் ஆகாது என்று சொன்னேன். நான் வீட்டைப் பூட்டப் போன இடைவெளியில் அத்தான் மேலும் நான்கு மூட்டை சம்பா அரிசியைப் பின்பக்கம் வைத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார்.

"சக்கரம் ரெண்டும் ரப்பர்தான மாப்ளே" என்றார். "நான் முப்பது வருசமா அதத்தான் தொட்டுட்டு இருக்கேன். ரப்பரு தாங்கும்."

4

இங்கே கோடை என்பது ஜனவரி. கிளம்பும் முன், வெயில் ஏறாத நேரத்தில், டயர்களின் காற்றை அளவுமானி வைத்துப் பார்த்தேன். இருக்கவேண்டிய அளவு முப்பத்தாறு பி.எஸ்.ஐ. இரண்டிலும் சரியாக இருந்தது.

ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குப் பின், வழியில் ஒரு பெரிய தொட்டியும் அறிவிப்புப் பலகையும் வந்தன. இதற்கு அப்பால் பழத்தோட்டப் பிரதேசம். பழ ஈ பரவாமலிருக்க, கையில் உள்ள பழங்களை இந்தத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். மீறினால் அபராதம். எங்களிடம் ஒரு வாழைக்குலை இருந்தது. குலை இல்லாமல் அடுக்களை காணப் போவதில்லை.

"களியக்காவிளை செக்போஸ்ட்ல கள்ளச் சாமான் கடத்துனவனக்கூட ஒரு சாயா குடிச்சிட்டு விட்டுருவான்" என்றார் அத்தான். "இவன் பழத்தக் களையச் சொல்லுகான்."

"களையாண்டாம், தின்னுங்க" என்றாள் ஹெப்சி.

நின்றுகொண்டே தின்றோம். மூன்று பேரால் ஒரு குலையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஹெப்சி ஒரு கையில் பழத்தோடு டிரெய்லரைச் சுற்றிவந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை இரண்டு டயரிலும் வைத்தாள். "சூடுண்டு. ஆனா ரெண்டும் ஒண்ணுபோலத்தான்" என்றாள். நான் மிச்சக் குலையைத் தொட்டியில் போடப் போனேன்.

அந்த நேரத்தில் அத்தான் அளவுமானியை எடுத்து டயரில் வைத்திருக்கிறார். நாற்பத்தொன்று காட்டியிருக்கிறது. காலையில் முப்பத்தாறு என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. எங்கள் ஊரில் லாரி, டெம்போ ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. வெயிலில் காற்று பெருகும், பெருகினால் வெடிக்கும், ஆகவே குறைத்து விடு. மத்தியான வெயிலில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ஆணியால் வால்வை அழுத்தி 'புஸ்' என்று விடுவதை நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அத்தானும் அதையே செய்தார். முப்பத்தாறோடு நிறுத்தவில்லை. இன்னும் வெயில் ஏறும் என்று யோசித்து, இரண்டையும் முப்பதுக்குக் கொண்டுவந்தார். என்னிடம் சொல்லவில்லை. ஓட்டுகிறவனைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாராம்.

5

அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் இடப்பக்கத்து டயர் போனது.

முதலில் ஒரு சத்தம். பெரிய சத்தம் என்று சொல்ல மாட்டேன், அரிசி மூட்டை மேலிருந்து விழுந்ததுபோல். பிறகு கார் பின்னாலிருந்து பிடித்து இழுக்கப்பட்டது. டிரெய்லர் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் ஆடியது. எதிரே ஒரு நீள லாரி வந்துகொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. தெரிந்து செய்ததல்ல, கால் அசையவில்லை. அதுவே சரியான காரியம் என்று பிறகு சொன்னார்கள். வேகம் தானாகக் குறைந்து, லாரி கடந்துபோய், சாலையோர மண்ணில் நின்றோம். பத்திரிகை பாஷையில், அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயமில்லை.

கதவைத் திறந்ததும் அத்தான் மூக்கை உயர்த்தினார்.

"புகைப்புரை மணம்" என்றார். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்தைச் சொன்னார். பின்னால் சாலையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இது நம்ம ஊரு ரப்பர் இல்ல."

ஹெப்சி மற்ற டயரில் புறங்கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டாள். "இதும் போவப்போவுது" என்றாள். அப்போதுதான் நான் அளவுமானியை எடுத்தேன். அத்தான் அடுத்திருந்த கோதுமை வயலைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாற்றுச் சக்கரம் இருந்தது. டிரெய்லரை வாங்கியபோதே கூட வந்தது. ஒருநாளும் உருளாததால் பட்டைகள் புதிதாகவே இருந்தன. ஆனால் டயரின் பக்கத்தில், தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு எண்கள் உண்டு. அதன்படி அது நிஷா பள்ளிக்கூடம் போன காலத்து டயர். விரலால் அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அதை மாட்டி, நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, கண்ணுக்குத் தெரிந்த ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்த மனிதரிடம் அத்தான் நடந்ததையெல்லாம் மலையாளத்தில் விளக்கினார். தமிழ் செல்லாத இடத்தில் மலையாளம் செல்லும் என்பது எங்கள் தாலுகாக்காரர்களின் அனுபவம். வெள்ளைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, அந்த அளவுச் சக்கரம் தன்னிடம் இல்லை என்றார். இந்த டயர்களில் இந்தப் பாரத்தோடு போனால் அடுத்த ஊர்வரைகூடத் தாங்காது என்றும் சொன்னார்.

இனி இரண்டு வழி. சாமான்களை இங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போகலாம். அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். வெறுங்கையோடு ஹெப்சி போகமாட்டாள். திரும்பினால் இன்னொரு முறை கிளம்பமாட்டாள். இரண்டும் அவளுக்கும் தெரியும். நான் போனை எடுத்தேன், நிஷாவிடம் வழக்கம்போலச் செய்தியைச் சேர்ப்பிக்க.

"இங்க தாங்க" என்று ஹெப்சி கையை நீட்டினாள்.

எனக்குக் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்.

"நிஷா... இல்ல, அம்மை... டயர் போச்சு மக்கா... ஆருக்கும் ஒண்ணும் இல்ல... மாமன் கூட உண்டு, அவருக்கு என்ன, நிக்காரு... இல்ல, அப்பாக்குக் கையி நடுங்குது, பேசமாட்டாரு... அது கொஞ்சம் சாமான்தான். ரொம்ப இல்ல... நீ சாப்பிட்டியா? எங்களுக்காவப் பாத்து இருக்காத, சாப்பிடு."

போனைத் திருப்பித் தந்தாள். "வாறாளாம்" என்றாள். என் கை நடுங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் மறுப்பு வெளியிடத் தோன்றவில்லை.

6

நண்பரின் பக்கத்துக்கு உரியதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், காத்திருந்த நேரத்தில் எனக்கும் அது தெளிவானதால்.

டயருக்கு எதிரி காற்று கூடுவதல்ல. ஓடும்போது சூடாகி நாலைந்து எண் கூடும் என்று தெரிந்தேதான் டயரைச் செய்கிறார்கள். காற்று குறைந்தால்தான் ஆபத்து. குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சுடும், அதுபோல உள்ளே சூடு ஏறுகிறது. பாரம் கூடினால் இன்னும் மடங்கும். வேகம் கூடினால் ஆறுவதற்கு நேரம் இருக்காது. ஆகவே காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, குறைவென்றால் நிரப்புங்கள். வழியில் சூடாக இருக்கும்போது காற்றைத் திறந்துவிடாதீர்கள். தகட்டில் எழுதிய எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். பாரத்தைப் பின்பக்கம் குவிக்காதீர்கள், வண்டி ஆடும். நிற்கும் இடத்திலெல்லாம் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே காற்றோ பேரிங்கோ சரியில்லை. இரண்டுமே கை வைக்க முடியாமல் சுட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஓடாமல் நிற்கும் டயருக்கும் வயதாகும்.

எங்கள் டயர் 'திடீரென' வெடிக்கவில்லை. காலையில் நாலு மூட்டை அரிசியில் தொடங்கி, வாழைப்பழம் தின்ற இடத்தில் பாதி வெடித்து, மீதியை மட்டும்தான் சாலையில் முடித்தது.

7

இரண்டு வண்டிகள் வந்தன. லூக் தன் பிக்கப்பிலும் நிஷா தன் சின்னக் காரிலும். லூக் உயரமான, அதிகம் பேசாத பையன். "வாங்க" என்றான். நாங்கள்தான் அங்கே முதலில் வந்து நின்றவர்கள். ஆனால் அவனுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட சொல் அது. அவன் வண்டியில், அவர்கள் தோட்டத்து டிரெய்லரிலிருந்து கழற்றிய இரண்டு சக்கரங்கள் இருந்தன.

நிஷா தாயைக் கட்டிப்பிடிக்கவில்லை. நேராகத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன இது? இவ்வளவும் எனக்கா?"

"இல்ல, பெட்ரோல் பங்குக்காரனுக்கு" என்றாள் ஹெப்சி.

நிஷா வலப்பக்கத்து டயரருகே உட்கார்ந்து அளவுமானியை வைத்தாள். தோட்டத்தில் டிரெய்லர் இழுத்துப் பழகிவிட்டாள் போலிருக்கிறது. எழுந்து எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"இந்த வெயில்லயே இவ்வளவுதானா? யாரு காத்தைக் குறைச்சது?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "வெயிலு பாத்து மக்கா... நம்ம ஊர்ல..."

"மாமா! ரப்பர் விக்கிற நீங்களா?"

"ரப்பரத்தான் விக்கேன். காத்து விக்கல்லியே" என்றார் அத்தான்.

முதலில் சிரித்தது ஹெப்சி. எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. நிஷா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். லூக் காரணம் கேட்டான். அத்தான் அலமாரியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார்.

அலமாரி, கிரைண்டர், அரிசி எல்லாம் பிக்கப்புக்கு மாறின. டிரெய்லரில் மேசையும் சில பெட்டிகளும் மட்டும். அத்தான் உருளியை மடியில் வைத்துக்கொண்டு லூக்கோடு ஏறினார். கடைசிவரை அவனிடம் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்ததாகப் பிறகு அறிந்தேன். ஹெப்சி எங்கள் காரின் கதவைத் திறந்தாள். நிஷா தன் காரின் மறுபக்கக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெப்சி எங்கள் கதவைச் சாத்திவிட்டு அங்கே போனாள்.

லூக் முன்னால் போய் மறைந்துவிட்டான். நான் எண்பதில் ஓட்டினேன். கடன் வாங்கி மாட்டிய நல்ல சக்கரமானாலும், அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அந்தச் சாலையில் நூற்றுப்பத்துவரை போகலாம். முன்னால் நிஷாவின் கார். கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று பேசும்போது மற்றது அசையாமல் இருந்தது. ஒருமுறை ஹெப்சியின் கை எழுந்து நிஷாவின் காதோரம் எதையோ சரிசெய்தது. என்ன பேசினார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இருவரும் இதுவரை தகவல் தரவில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அபராத நோட்டீசு வாங்கிக் குவித்த என் மகள், யாருமில்லாத நேர் சாலையில், எனக்கு முன்னால், கடைசிவரை எண்பதிலேயே போனாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஹெப்சி இறங்கி என்னிடம் வராமல் டிரெய்லரிடம் போனாள். புறங்கையை இரண்டு டயரிலும் வைத்துப் பார்த்தாள்.

"வெதுவெதுப்புதான்" என்றாள். "ரெண்டும் ஒண்ணுபோல."

பிறகு சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, அடுக்களை காண உள்ளே போனாள்.